பாலை மண்ணில் குதிரைக்குப் புல்

தோவாளை,
புரட்டாசி 8

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. இத்தனை வருடமாகத் தோட்டத்தை மட்டும் கவனித்துவந்த உன்னிடம் பதினொரு குதிரைகளின் தீவனப் பொறுப்பையும் முதலாளி ஒப்படைத்திருக்கிறார் என்று படித்தபோது மகிழ்ச்சியும் கவலையும் ஒன்றாகவே வந்தன. அபுதாபியில் அல்ஐன் நகரப் பக்கத்து லாயத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால் என்னைக் கேட்டிருக்கிறாய். தெரிந்தது அத்தனையும் எழுதுகிறேன். இங்கே கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்து களத்தில் கிடந்த வைக்கோல் இரண்டு நாள் மழையில் நனைந்துவிட்டதால், படப்பு போடுவதற்கு முன் அதைப் பிரித்துப் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கிறோம். ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்று இன்னும் ஓயாமல் வீசுவது ஓர் உதவி. ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும் என்ற பயம் உனக்கு அந்தப் பாலைவனத்தில் குறைவு. அங்கே பயப்பட வேண்டியவை வெயிலும் தூசியும் மணலும்தான்.

ஜத்தைத் தாராளமாகப் போடலாமா என்று முதலில் கேட்டிருக்கிறாய். அரபுக்காரர்கள் ஜத் என்று சொல்வதைத்தான் நம்மூர் வேளாண்மைக்காரர்கள் குதிரை மசால் என்கிறார்கள். பெயரிலேயே குதிரை இருக்கிறதே என்று அதையே முழு உணவாக்கிவிடாதே. அது புல் இனம் அல்ல, பயறு இனம். சாதாரண உலர்புல்லைவிடப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதில் மிக அதிகம். மிஞ்சிய புரதத்தைக் குதிரையின் உடல் சிறுநீராகத்தான் வெளியேற்ற வேண்டும். அதனால் அது அதிகம் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி படுக்கையை நனைக்கும், லாயத்தில் மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி எழும். ஜத்தையே பிரதான உணவாகக் கொடுக்கும் கலிபோர்னியா போன்ற வறண்ட இடங்களில் குதிரையின் பெருங்குடலில் கல் உருவாவது அதிகம் என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை. பால் கொடுக்கும் பெட்டைக்கும், வளரும் குட்டிக்கும், மெலிந்துபோன குதிரைக்கும் அது நல்லது. மற்றவற்றுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகாதே. சவாரிக்குக் கொண்டுபோகும் முன் ஒரு கைப்பிடி கொடுத்தால் இரைப்பைப் புளிப்பைத் தணிக்கும், அந்தப் பழக்கத்தை நான் கடைசி வரை விடவில்லை.

மாடு வளர்த்துப் பழகிய நமக்குக் குதிரையின் வயிறு பிடிபடச் சற்று நாளாகும். மாட்டைப் போல அது அசைபோடாது. அதன் இரைப்பை மிகச் சிறியது, எட்டு முதல் பதினைந்து லிட்டர் வரைதான் கொள்ளும். உள்ளே தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ, மெல்லும்போது மட்டும்தான் ஊறும். எனவே காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று பங்கிட்டுவிட்டு நடுவில் பத்து மணி நேரம் வெறும் வாயோடு நிற்கவைத்தால் இரைப்பையில் புண் வராமல் இருக்காது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது என்பதால், உள்ளே போனது எதுவாயினும் குடல் வழியாகத்தான் போயாக வேண்டும். ஆகவே சத்து மிகுந்த கொஞ்சம் தீனியைவிட, சத்து மிதமான, சுத்தமான உலர்புல்லை அது நாள் முழுதும் மென்றுகொண்டிருக்கும்படி கொடுப்பதே சிறந்தது. நானூறு கிலோ எடையுள்ள குதிரைக்கு அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது எட்டு கிலோ புல் வைத்துக்கொள். கொழுத்த குதிரைக்குக்கூட ஆறு கிலோவுக்குக் கீழே குறைக்காதே. கண் அளவை நம்பாமல் தொங்கு தராசில் நிறுத்துக் கொடு, ஒரு கட்டுக்கும் இன்னொரு கட்டுக்கும் எடை மிகவும் வேறுபடும்.

எந்தப் புல் என்பதற்கு வருகிறேன். நான் போன காலத்தில் ரோட்ஸ் புல் அங்கேயே வயல் வயலாக விளைந்தது. உப்புத் தண்ணீரையும் தாங்கும் புல் அது. நிலத்தடி நீரை அது வற்றவைத்ததால் 2010-இல் அபுதாபியில் அதற்கான மானியத்தை நிறுத்தினார்கள், அதன் பிறகு வெளிநாட்டுக் கட்டுகள் பெருகின. இளம் பருவத்தில் அறுத்த ரோட்ஸ் நல்ல உணவு. முற்றியதோ துடைப்பக் குச்சிதான். அமெரிக்கப் பாலைவனப் பகுதிகளில் பெர்முடா என்று விற்கும் புல் வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்கு நாம் சார்த்தும் அருகம்புல்லேதான். அதுவும் நல்லது, மெல்லிய தண்டாக இருந்தால் மட்டும் தண்ணீரைக் கூடுதலாகக் கவனி, நன்றாக மெல்லாமல் விழுங்கினால் சிறுகுடல் முனையில் அடைத்துக்கொள்ளும். குளிர்நாட்டுத் திமோத்தி புல்லைக் குதிரைகள் விரும்பித் தின்னும், விலைதான் எட்டாது. வைக்கோலைப் பற்றியும் கேட்டிருந்தாய், அது வேண்டாம். செரிக்காத சிலிக்கா என்ற மணற்சத்து மிகுதி, போஷாக்கு குறைவு. பாண்டிய நாட்டில் குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் வேகவைத்துக் கொடுத்ததாகவும், வருடந்தோறும் அரபு நாட்டிலிருந்து வாங்கிய ஆயிரக்கணக்கான குதிரைகள் செத்துப்போனதாகவும் மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். நம்மூரிலிருந்து அதிக தூரமில்லாத காயல் என்ற பழைய துறைமுகத்தில் வந்து இறங்கிய அந்தக் குதிரைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

கட்டை வாங்கும்போது வெளிநிறத்தைப் பார்த்து முடிவுசெய்யாதே. வெயில் பட்ட வெளிப்பக்கம் வெளுத்திருப்பது இயல்பு. கயிற்றை அறுத்து நடுவிலிருந்து ஒரு பிடி உருவு. இளம்பச்சை மிச்சமிருக்க வேண்டும், நம் களத்து வாசம் போல இனிய மணம் வர வேண்டும். அந்தப் பிடியை இரண்டு கைகளாலும் இறுக்கி முறுக்கிப் பார்: உள்ளங்கையில் குத்தினால் குதிரையின் வாயிலும் குத்தும், அந்தக் கட்டைத் திருப்பி அனுப்பிவிடு. கதிர் முற்றியிருந்தால் அறுப்பு தாமதம் என்று பொருள். பிறகு புல்லைத் தட்டி உதறு. புகை போலத் தூசி எழுந்தால், தின்னக் கொடுக்கும் முன் தண்ணீரில் முக்கியெடு, ஆனால் அந்த வெக்கையில் நனைந்த புல் சீக்கிரம் புளித்துவிடுமாதலால் உடனே தின்று முடிக்கும் அளவே நனை. கூடவே அரளி இலை கலந்திருக்கிறதா என்று பார். இங்கே தோவாளைச் சந்தையில் கூடை கூடையாக விற்கும் அதே அரளியைத்தான் அங்கே சாலையோரமெல்லாம் அழகுக்கு வைத்திருக்கிறார்கள்; காய்ந்தாலும் அதன் நஞ்சு போகாது, சில இலைகளே குதிரையைக் கொன்றுவிடும்.

மணலைப் பற்றி எழுதும்போது கை தயங்குகிறது. நான் சேர்ந்த எட்டாவது வருடம் என் பொறுப்பில் ஒரு சாம்பல் நிறப் பெட்டை இருந்தது. தொட்டி உடைந்திருந்ததால் சில மாதங்கள் தரையிலேயே புல்லைப் போட்டேன், அதுவும் அளவு குறைத்து. கடைசித் துணுக்கையும் மணலோடு சேர்த்து நக்கித் தின்றிருக்கிறது. ஒரு நாள் விடியலில் அது விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, முன்காலால் மண்ணைப் பறித்து, புரண்டு புரண்டு படுத்தது. மருத்துவர் வந்தும் சாயங்காலம் தாண்டவில்லை. அவர் குடலைத் திறந்து காட்டியபோது ஈரமணல் மூட்டை போல இறுகியிருந்தது. அது என் தவறு. அன்றிலிருந்து தரையில் ஒரு இழை புல் நான் போட்டதில்லை. நீ அகலமான தொட்டியில் போட்டு, கீழே ரப்பர் பாய் விரித்துவிடு. வாரம் ஒரு முறை மண் படாத புதுச் சாணி உருண்டைகள் ஆறை எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, கால் மணி நேரம் விட்டு, மெதுவாகச் சாய்த்து ஊற்று. அடியில் விரலால் தடவிப் பார். ஒரு தேக்கரண்டிக்கு மேல் மணல் நெருடினால் மருத்துவரைக் கேட்டு இசப்கோல் உமி கொடுக்கலாம். ஒரு தடவை தென்படவில்லை என்பதற்காக நிறுத்திவிடாதே.

புல்லின் பெரும்பங்கை இரவில் கொடு. நார் செரிக்கும்போது உடலுக்குள் சூடு உண்டாகிறது, பகல் வெயிலோடு அதுவும் சேரக் கூடாது. உலர்புல்லில் தண்ணீர் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்குதான். சும்மா நிற்கும் குதிரைக்கே ஒரு நாளில் முப்பது லிட்டர் அளவு தண்ணீர் தேவை, கோடையில் அது இரட்டிப்பாகும். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானம் கை வைக்க முடியாத சூட்டில் வருமென்பது உனக்கும் தெரியும், குதிரை அதை முகர்ந்துவிட்டு விலகிவிடும். நிழலில் மண்மூடிய தொட்டி ஒன்று கட்டித்தரச் சொல்லி முதலாளியிடம் கேள். உப்புக்கட்டியும் பக்கத்தில் இருக்கட்டும். புதுப் புல்லுக்கு மாறும்போது பழையதோடு கலந்து, பத்து நாளாவது எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல மாற்று.

வீட்டில் எல்லோரும் நலம். உன் அம்மாவைப் போன வெள்ளிக்கிழமை பார்த்தேன், முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அடுத்த கடிதத்தில் இப்போது வாங்கும் கட்டிலிருந்து ஒரு சிறு பிடியை உறையில் வைத்து அனுப்பு. வாளியில் எவ்வளவு மணல் நின்றது என்பதையும், ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனியாக, மறக்காமல் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்