மாவு மில் அண்ணனுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

எங்கள் சின்னப் பலகாரத் தொழிலுக்கு இந்த மாதத்தோடு மூன்று வருடம் முடிகிறது. நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். நேரில் சொல்லப் போனால் பாதியிலேயே தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதனால் எழுதியே விடுகிறேன்.

மகனுக்கு ஐந்து வயது வரை எடை ஏறவே இல்லை. வயிறு மட்டும் உப்பியிருக்கும், ரத்தசோகை வேறு. பூச்சி மருந்து, டானிக் என்று திருச்சியில் நாங்கள் ஏறி இறங்காத படி இல்லை. கடைசியாகப் பார்த்த டாக்டர் அம்மாதான், "கோதுமையில் என்னென்ன சாப்பிடுகிறான்?" என்று முதல்முறையாகக் கேட்டார். ரத்தப் பரிசோதனை, அப்புறம் எண்டோஸ்கோபி. சீலியாக் என்றார். கோதுமை, பார்லி மாதிரி தானியங்களில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்கிவிடும், அதை வாழ்நாள் முழுக்கத் தவிர்ப்பதுதான் வைத்தியம். கோதுமை அதிகம் சாப்பிடும் வடக்கில் இது கூடுதலாகத் தெரிய வருகிறது, நம் பக்கம் சட்டென்று யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. டாக்டர் அம்மா, அந்த ஒரு கேள்விக்கு நன்றி.

உடம்பு தேறட்டும் என்று காலையும் மாலையும் நாங்கள் ஊற்றிக் கொடுத்த சத்து பானத்திலேயே பார்லியும் கோதுமையும் இருந்தன. டப்பாவைத் திருப்பிப் படித்த அன்று இரவு நானும் என் வீட்டுக்காரரும் தூங்கவில்லை.

சோறு, இட்லி, தோசைக்குக் குறையில்லை. பள்ளிவிட்டு வந்ததும் "என்னம்மா இருக்கு?" என்று கேட்கும் சாயங்காலம்தான் கஷ்டம். பிஸ்கட், பன், பப்ஸ் எதுவும் ஆகாது. அரிசி முறுக்காவது வாங்கலாம் என்று போனால் அதில் பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ சேர்த்திருப்பார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. சரி, நாமே சுடுவோம் என்று ஆரம்பித்தேன்.

முதல் ஈடு எண்ணெயிலேயே பிரிந்து போனது. பெரியம்மாதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சாமை மாவு நாலு பங்குக்கு வறுத்து அரைத்த உளுந்து மாவு ஒரு பங்கு என்று அளவு கட்டித் தந்தார். பெருங்காயத்துக்குப் பதில் ஓமமும் நசுக்கிய பூண்டும் அவர் சொன்னதுதான். எழுபது வயதில் எனக்காக அடுப்படியில் நின்றதற்கு என்ன கைம்மாறு செய்வேன் பெரியம்மா.

அக்கம்பக்கத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். சீலியாக் உள்ள இன்னொரு குழந்தையின் அம்மாவும் கேட்டார். அப்போதுதான் பயம் வந்தது. என் பிள்ளைக்கு நான் கொடுப்பது வேறு, அடுத்தவர் பிள்ளைக்கு விற்பது வேறு இல்லையா? குளூட்டன் இல்லாதது என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பரிசோதனைக்கு அனுப்பினேன். தாண்டியிருந்தது. கோதுமையே தொடாத வீட்டில் எப்படி என்று புரியாமல் மில்லில் போய் அழுதேன். மில் அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்களுக்கு முன்னாடி கோதுமைதான்மா ஓடிச்சு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை யாரும் செய்ய மாட்டார்கள். வியாழக்கிழமை காலை முதல் ஓட்டம் எனக்கு. முந்தின நாள் ராத்திரியே மெஷினைக் கழற்றித் துடைத்து, காலையில் ஐந்து கிலோ அரிசியை ஓட்டி அந்த மாவை மாட்டுக்கு ஒதுக்கிவிட்டுத்தான் என் சாமையைக் கொட்டுவார். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும், "பச்சப் புள்ள விஷயம்" என்று சொல்லி நிறுத்திவிடுவார். அந்த அரிசிக்கு இன்று வரை என்னிடம் காசு வாங்கியதில்லை. அடுத்த பரிசோதனையில் தேறினோம்.

காந்தி மார்க்கெட்டில் சாமையும் கம்பும் தரும் கடைக்காரர், கோதுமை மூட்டைக்குப் பக்கத்தில் வைக்காமல் எனக்கென்று தனி மூட்டை எடுத்து வைக்கிறார். சொந்தமாக அரவை மெஷின் வாங்க எங்கள் மகளிர் குழு அக்காமார்கள் ஜாமீன் நின்றார்கள். சிறு உணவுத் தொழில்களுக்கு மத்திய அரசு உதவும் பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் 35 சதவீத மானியத்துக்கு மனு எழுதிக் கொடுத்தது எதிர்வீட்டுத் தம்பி, இரண்டு தடவை திரும்பி வந்தும் சலிக்காமல் மறுபடி எழுதினார்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். முறுக்கு எண்ணெயில் பொரிப்பதுதான், தினமும் கிலோ கணக்கில் சாப்பிடும் சத்துணவு என்று நான் விற்கவில்லை. எண்ணெய் வேண்டாம் என்பவர்களுக்குப் பொரிவிளங்காய் உருண்டை இருக்கிறது.

அப்புறம் வகுப்பு டீச்சர். மகனின் பிறந்தநாளுக்குக் கேக் வேண்டாம், உங்கள் கம்பு தட்டையே எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள் என்றார். எல்லோரும் சாப்பிடுவதையே அவனும் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

மில் அண்ணா, சொந்த மெஷின் வந்த பிறகு வியாழக்கிழமை உங்கள் மில் பக்கம் வருவதில்லை. தீபாவளிக்கு முதல் ஈடு உங்கள் வீட்டுக்குத்தான். நானும் மகனும் கொண்டு வருகிறோம், இப்போது அவன் இருபத்தாறு கிலோ.