நான் கிஷன் சிங் பக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆபீஸ் ஆட்களோடு சண்டிகரிலிருந்து, பாகிஸ்தான் எல்லையில் பகத் சிங்கின் நினைவிடம் இருக்கும் ஹுசைனிவாலாவுக்குப் போவதாகச் சொன்னாய், சந்தோஷம். தொப்பியும் மீசையுமாகச் சுவருக்குச் சுவர் ஒட்டியிருக்கும் பகத் சிங்கைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, 1929 ஏப்ரல் 8-ல் தில்லி மத்திய சட்டசபையில் குண்டு போட்டுவிட்டு ஓடாமல் நின்றதெல்லாம் நீ பள்ளியிலேயே படித்ததுதான். எனக்கு அவருடைய அப்பா கிஷன் சிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. வெள்ளைக்காரனை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவர். தம்பி அஜித் சிங்கை 1907-ல் பர்மாவில் இருக்கும் மாந்தலேக்கு நாடு கடத்தினார்கள். ஆனாலும் அப்பா அப்பாதானே, பையனுக்குக் கல்யாணப் பேச்சை எடுத்தார். எனக்குப் பூணூல் போட்டபோதே நாட்டுக்கு நேர்ந்துவிட்டதாகத் தாத்தா சொன்னாரே என்று எழுதிவைத்துவிட்டுப் பையன் கான்பூருக்குக் கிளம்பிவிட்டார்.

அப்புறம் லாகூரில் சாண்டர்ஸ் என்ற வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியைச் சுட்டுக் கொன்ற வழக்கு. ஜெயிலில் நீண்ட உண்ணாவிரதம், அதில் கூட இருந்த ஜதின் தாஸ் 63-ம் நாள் உயிரையே விட்டார். பகத் சிங்கோ தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாதாடவே மாட்டேன் என்கிறார். பெற்றவர் என்ன செய்வார்? கொலை நடந்த அன்று என் மகன் லாகூரிலேயே இல்லை, கல்கத்தாவில் இருந்தான் என்று 1930 செப்டம்பரில் சிறப்பு நீதிமன்றத்தில் மனு போட்டுவிட்டார், மகனிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அக்டோபர் 4-ல் மகன் எழுதிய பதில் இருக்கிறதே, சூடு. முதுகில் குத்தியது போல இருக்கிறது, வேறு யாராவது செய்திருந்தால் துரோகம் என்றே சொல்லியிருப்பேன், நீங்கள் என்பதால் பலவீனம் என்கிறேன் என்று எழுதி, போதாக்குறைக்கு அதைப் பத்திரிகையில் வெளியிடவும் சொன்னார். மூன்றே நாளில் தீர்ப்பு வந்தது. 1931 மார்ச் 23 மாலை ராஜகுரு, சுகதேவோடு தூக்கில் போட்டார்கள். வயது 23.

படிப்பவர்கள் எல்லாரும் மகன் பக்கம்தான் நிற்பார்கள், நியாயமும் அதுதான். நான் மட்டும் கிஷன் சிங் பக்கம். அந்த மனு பொய் என்று தெரிந்தும் சொல்கிறேன், நானாக இருந்தால் பத்து மனு போட்டிருப்பேன், நீ ஊரறியத் திட்டி எழுதினாலும் சரி.

அங்கே மூவரின் நினைவிடத்தோடு, கூடக் குண்டு போட்ட பட்டுகேஷ்வர் தத்தின் சமாதியும் பகத் சிங்கின் அம்மா வித்யாவதியின் சமாதியும் இருக்கின்றன. போட்டோ எடுத்த கையோடு ஓடிவராமல் அந்த அம்மாவையும் பார்த்துவிட்டு வா. எல்லைப் பகுதி, ஆதார் கார்டை மறக்காதே. சாயங்காலம் கொடி இறக்கியதும் கிளம்பிவிடு, ரூமுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் போடு, எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை.

அப்பா