வேலை நிற்கும் நேரத்தில்தான் பிள்ளைகளுக்கு ஆபத்து

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வயரிங், குழாய் வேலை, பெயின்ட், டைல்ஸ் என்று அன்றாடம் பிறர் வீட்டுக்குள்ளும் பள்ளிக்கூடங்களுக்குள்ளும் போய் வருகிறவர்கள் நாங்கள். வீட்டுக்காரர்களுக்கும், பள்ளி நிர்வாகத்துக்கும், எங்கள் சக தொழிலாளிகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

மெஷின் ஓடும்போது எல்லோரும் உஷாராக இருப்பார்கள். சத்தம் கேட்கிறது, தூசி பறக்கிறது, பிள்ளையைப் பிடித்துத் தள்ளி வைத்துவிடுவார்கள். மெஷினை நிறுத்திவிட்டு வெளியே போகிற பத்து நிமிடமும், சாப்பாட்டு வேளையும், சாமான்களை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் போன பிறகு வருகிற இரவும்தான் நாங்கள் பயப்படும் நேரம். வீட்டில் ஆள் இருக்கிறார்களே என்று வேலைக்காரர் நினைப்பார். இன்றைய வேலைதான் முடிந்துவிட்டதே என்று வீட்டுக்காரர் நினைப்பார். நடுவில் பிள்ளை இருக்கும்.

சுவிட்ச் போர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளேட்டைக் கழற்றி, எம்சிபியை (கரன்ட் அளவு மீறினால் தானாக டிரிப் ஆகி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆஃப் செய்துவிட்டு எலக்ட்ரீசியன் வெளியே போகிறார். பக்கத்து அறையில் ஃபேன் ஓடவில்லையே என்று யாரோ எம்சிபியை மறுபடி ஆன் செய்துவிடுகிறார்கள். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், தவழும் பிள்ளையின் கைக்கு நேராக, கரன்ட் உள்ள வயர் நீட்டிக்கொண்டிருக்கும். எம்சிபி இருக்கிறதே, டிரிப் ஆகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. 16 ஆம்பியர் எம்சிபி வயர் சூடேறி எரியாமல் காப்பதற்கு உள்ளது. ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான கரன்ட் போதும். ஷாக்கிலிருந்து காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரன்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். வேலை தொடங்கும் முன் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி, டிரிப் ஆகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆஃப் செய்த எம்சிபியின் மேல் டேப் ஒட்டி, யார் ஆஃப் செய்தார் என்று எழுதி வையுங்கள். வயர் முனையில் டேப்பை மட்டும் சுற்றிவிட்டுப் போவதை நாங்கள் வேலையாகவே எண்ணுவதில்லை, பிள்ளை அதை உரித்துப் பார்க்கும். முனை கனெக்டருக்குள் முடிய வேண்டும், கனெக்டர் பாக்ஸுக்குள் போக வேண்டும், பாக்ஸுக்கு மூடி போட்டு ஸ்க்ரூ முடுக்க வேண்டும். கட்டிங் மெஷினைச் சுவிட்சில் நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக்கையும் பிடுங்க வேண்டும்.

தின்னர், டர்பன்டைன், டைல்ஸ் கழுவும் ஆசிட் இவற்றைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை எங்கள் தொழிலில் ஒழித்தே தீர வேண்டும். தாகத்தில் ஓடி வரும் பிள்ளை பாட்டிலைப் பார்க்குமே தவிர உள்ளே இருப்பதைப் பார்க்காது. பிள்ளை தின்னர் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மேலே வரும்போது நுரையீரலுக்குள் இறங்கி இன்னும் கெடுதல் செய்யும். குடித்தது எது என்று தெரிய, டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆசிட் ஊற்றிய தரையில் ப்ளீச்சிங் பவுடர் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திய பாத்ரூமில் பெரியவர்களுக்கே மூச்சு முட்டும்.

ஈர சிமென்ட் பட்டவுடன் எரியாது. அதனால்தான் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. கலவையில் கால் வைத்து விளையாடிய பிள்ளைக்கு மணிக்கணக்கு கழித்துத்தான் தோல் வெந்து போனது தெரியும். பட்டவுடன் துணியையும் செருப்பையும் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். பிள்ளையின் உடலில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய கதவு, ஜன்னலை உலர்ந்தபடி தேய்க்காமல், தண்ணீர் தெளித்து ஈரமாக்கித் தேய்க்கச் சொல்லுங்கள். கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்து, தூசியை அதிலேயே சுருட்டி எடுக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி வீடெல்லாம் பரவும்.

தண்ணீர் நிரம்பிய பக்கெட்டை எட்டிப் பார்க்கும் சின்னப் பிள்ளை தலை கனத்தில் கவிழும், தானாக எழ முடியாது. சில சென்டிமீட்டர் தண்ணீரே உயிருக்கு ஆபத்து. அதனால் அன்றன்றே பக்கெட்டைக் கவிழ்த்துவிடுங்கள். சம்ப் திறந்திருந்தால் மேலே பிளைவுட் பலகையைச் சும்மா போட்டு வைப்பது, திறந்தே விடுவதைவிட மோசம். குழி இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, கால் வைத்தால் பலகையும் விலகுகிறது. ஏணியைச் சாய்த்து வைக்காமல் படுக்க வையுங்கள். கிரில்லைக் கழற்றிய ஜன்னலுக்கு அன்று மாலைக்குள் கிரில்லோ, 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாத தடுப்போ வந்தாக வேண்டும்.

லேசர் லெவல் (மட்டம் பார்க்கும் கருவி), ரிமோட் போன்றவற்றில் போடும் பட்டன் பேட்டரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 20 மில்லிமீட்டர் பேட்டரி பிள்ளையின் உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். தீர்ந்துபோன பேட்டரியும் அரிக்கும். புதிதாக ஒன்று போட்டால் பழையது பாக்கெட்டுக்குள் போக வேண்டும், ஜன்னல் திட்டில் இருக்கக் கூடாது. போகும் முன் துணி சுற்றிய காந்தத்தைத் தரையில் ஓட்டினால் ஸ்க்ரூ, ஆணி, பிளேடு துண்டு எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். துணியை உரித்தால் மொத்தமும் டப்பாவில் விழும்.

இனி ஆட்களைப் பற்றி. இதைச் சொல்ல எங்களுக்குத் தயக்கம் இல்லை. பிள்ளையோடு எந்த வேலைக்காரரும் தனியாக இருக்கக் கூடாது. எத்தனை வருடப் பழக்கமானாலும் இதுதான் விதி. நேர்மையான தொழிலாளிக்கும் இது பாதுகாப்புதான். வீட்டில் பெரியவர் இல்லாமல் பிள்ளை மட்டும் கதவைத் திறந்தால், உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று வீட்டுக்காரருக்குப் போன் செய்ய வேண்டும். 'தம்பி, அந்த ஸ்க்ரூடிரைவரை எடு' என்று பிள்ளையை எடுபிடி ஆக்கக் கூடாது. தின்பண்டம் கொடுப்பது, பிள்ளையின் போன் நம்பர் வாங்குவது, முடித்த வேலையைப் போட்டோ எடுக்கும்போது பிள்ளையையும் சேர்த்து எடுப்பது எதுவும் வேண்டாம். வேலைக்காகச் சாவி கொடுத்திருந்தால், முடிந்த அன்று எண்ணி வாங்குங்கள். வெளி ஆள் கையில் நாள்கணக்கில் இருந்திருந்தால் பூட்டை மாற்றிவிடுவது நல்லது.

பள்ளியில் பெரும்பாலும் ஓட்டை விழுவது பதில் ஆள் விஷயத்தில். கான்ட்ராக்டர் நான்கு பேரின் பெயரும் அடையாள அட்டையும் கொடுத்திருப்பார். மூன்றாம் நாள் ஐந்தாவதாக ஒருவர் வருவார், 'அவருக்குப் பதிலா நான்' என்பார், வாட்ச்மேன் விட்டுவிடுவார். பட்டியலில் இல்லாதவர் கேட்டைத் தாண்டக் கூடாது, அன்று வேலை நின்றாலும் சரி. பின்னணி விசாரித்தாயிற்று என்பதோடு விட்டுவிடவும் முடியாது. பதிவான குற்றம் மட்டும்தான் அதில் தெரியும். கூடவே பள்ளி ஊழியர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

தொழிலாளிகளுக்குத் தனிக் கழிப்பறை ஒதுக்குங்கள். பிள்ளைகளின் கழிப்பறையிலேயே ரிப்பேர் என்றால் 'வேலை நடக்கிறது' என்ற போர்டு போதாது, பூட்டி வைத்து வேறு கழிப்பறைக்கு அனுப்புங்கள். கயிறும் டேப்பும் கட்டினால் பிள்ளைகள் குனிந்து நுழைந்துவிடுவார்கள். ஆள் உயரத்துக்குத் தகரமோ பலகையோ அடிக்க வேண்டும். பள்ளி தொடங்கும்போதும் விடும்போதும், முன்னும் பின்னும் அரை மணி நேரத்துக்கு மணல் லாரி உள்ளே அசையவே கூடாது.

வந்த ஆளைப் பற்றிப் பிள்ளை ஏதாவது சொன்னால், நிதானமாகக் கேளுங்கள். திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டுக் குடையாதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே, நேரத்தோடு எழுதி வையுங்கள். அந்த ஆளிடமோ கான்ட்ராக்டரிடமோ நீங்களே போய் விசாரிக்காமல், போலீசிடமோ குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிகளிடமோ சொல்லுங்கள்.

நாளை வேலைக்கு ஆள் வருகிறார் என்றால், அவர் பையைத் திறக்கும் முன் ஐந்து நிமிடம் வாசலில் நின்று பேசிக்கொள்ளுங்கள்: எந்த அறையில் வேலை, எத்தனை பேர், எந்தக் கழிப்பறை, எப்போது ஓய்வு, அந்த நேரத்தில் அறைக் கதவை யார் பூட்டுவது, சாவி யாரிடம் இருக்கும்.

இப்படிக்கு,
வயரிங், குழாய், பெயின்ட், டைல்ஸ் வேலை செய்பவர்கள்