97 மைல்

அம்மாடி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. நான்கு வருஷமாகச் செய்த ஆராய்ச்சியை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கப்போகிறேன் என்றாய். "இவ்வளவு தூரம் போனதுக்கு அப்புறமா?" என்று என் வாய் முந்திக்கொண்டது. நீ அதன்பிறகு அதிகம் பேசவில்லை. போனை வைத்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

தப்பு என்னுடையதுதான். சின்ன வயதில் உனக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். உலகத்தின் பெரிய மனிதர்கள் என்று ஒரு வண்ணப் படத்தைச் சுவரில் ஒட்டி, தூங்கப்போகுமுன் கேள்வி கேட்பேன். தென்துருவத்தை முதலில் தொட்டது யார்? நீ கண்ணை மூடிக்கொண்டே ஆமுண்ட்சென், 1911 டிசம்பர் 14 என்பாய். போய்ச் சேர்ந்தவர்கள் மட்டும்தான் அந்தச் சுவரில் இருந்தார்கள். துருவத்தைத் தொடாமலே திரும்பிய ஷாக்கிள்டன் இல்லை. அவரைப் பற்றி ஒரு கேள்விகூட நான் கேட்டதில்லை.

1908 அக்டோபர் கடைசியில் அவரும் மூன்று பேரும் தென்துருவத்துக்குக் கிளம்பினார்கள். உடன் நான்கு மட்டக்குதிரைகள். மூன்றை வழியிலேயே சுட்டுச் சாப்பிட வேண்டிவந்தது. நான்காவது பனிப்பிளவில் விழுந்து மறைந்துவிட்டது. அப்புறம் மனிதர்களே வண்டியை இழுத்தார்கள். அதுவரை மனிதன் கால்படாத தெற்கே, 1909 ஜனவரி 9 அன்று, கொடியை நட்டுவிட்டு நின்றார்கள். துருவம் இன்னும் 97 கடல் மைல், அதாவது சுமார் 180 கிலோமீட்டர். ஒருவேளை போய்ச் சேர்ந்திருக்கலாம். இருந்த சாப்பாட்டில் திரும்பி வந்திருக்க முடியாது. ஷாக்கிள்டன் திரும்பினார்.

வரும் வழியில் அந்த நால்வரில் ஒருவரான ஃபிராங்க் வைல்டுக்கு வயிற்றுக்கடுப்பு. மாமிச உணவு உள்ளே இறங்கவில்லை. எல்லோருமே பட்டினியில் இருந்த அந்த நாளில், ஷாக்கிள்டன் தன் பங்கு பிஸ்கட்டை அவர் கையில் வற்புறுத்தித் திணித்தார். ஆயிரக்கணக்கான பவுன் கொடுத்தாலும் அந்த ஒரு பிஸ்கட்டை வாங்கியிருக்க முடியாது என்று வைல்டு டைரியில் எழுதிவைத்திருக்கிறார். நான்கு பேரும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். செத்த சிங்கத்தைவிட உயிருள்ள கழுதை உனக்குத் தேவலை என்று நினைத்தேன் என்று ஷாக்கிள்டன் தன் மனைவியிடம் சொன்னாராம். அந்த வாக்கியத்தைப் படித்து நான் சிரித்தேன், அப்புறம் கொஞ்சநேரம் சிரிக்க முடியவில்லை.

அவரைத் தெய்வமாக்க நினைக்கவில்லை. 1914இல் அண்டார்டிகாக் கண்டத்தைக் குறுக்கே கடக்க மறுபடி போனார். கப்பல் பனியில் நசுங்கியும் அதிலிருந்த 28 பேரும் பிழைத்தார்கள் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். கண்டத்தின் மறுபக்கத்தில் அவருக்காக உணவுக் கிடங்கு வைக்கப் போன குழுவில் மூன்று பேர் இறந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை.

திரும்புவதிலும் பல வகை இருக்கிறது. கி.மு. 326இல் பஞ்சாபின் பியாஸ் ஆற்றங்கரையில் அலெக்சாந்தரின் படை இனி நடக்கமாட்டோம் என்று நின்றுவிட்டது. அவர் மூன்று நாள் கூடாரத்தைவிட்டு வெளியே வரவில்லை. கடைசியில் ஆற்றைக் கடக்கச் சகுனம் பார்த்தார். சரியில்லை என்று வந்தது. படைவீரர்களுக்காகத் திரும்புகிறேன் என்று சொல்ல மனம் வரவில்லை, தெய்வம் தடுத்தது என்றால் கௌரவம் போகாது, இல்லையா? எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

கொலம்பஸ் அதுகூடச் செய்யவில்லை. பூமியை உண்மையைவிடச் சின்னதாகக் கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்பியவர். 1494 ஜூன் 12 அன்று, கியூபா தீவு இல்லை, ஆசியாவின் நிலப்பரப்புதான் என்று கப்பலில் இருந்தவர்களிடம் சத்தியம் வாங்கினார். பின்னால் மாற்றிப் பேசினால் 10,000 மரவேதி (அந்தக் காலத்து ஸ்பானிய நாணயம்) அபராதம், நாக்கும் துண்டிக்கப்படும். கடல் ஒத்துக்கொள்ளாததை நோட்டரியை வைத்து எழுதி வாங்கிவிட்டார்! 1506இல் சாகும்வரை ஆசியாவைத் தொட்டுவிட்டதாகவே நம்பினார். நம் சுவரில் அவர் படம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிது, ஞாபகம் இருக்கிறதா?

அசோகர் கதை எனக்கு இன்னும் சிக்கலாகத்தான் இருக்கிறது. கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்று அவரே, ஜெயித்த அரசரே, 13ஆம் பாறைக் கல்வெட்டில் சொல்லி வருந்துகிறார். வேறெந்த மன்னர் இப்படி எழுதினார் என்று உனக்குப் பெருமையாகச் சொன்னேன். ஆனால் அந்த வருத்தத்தைக் கலிங்கத்துப் பாறைகளில் அவர் செதுக்கவில்லை. அங்கே வேறு வாசகங்கள். கலிங்கத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அரை வழி திரும்பியவர் என்று சொல்லலாமா? நீ என்ன நினைக்கிறாய்?

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு நெருக்கமானவர் இவர்கள் யாரும் இல்லை. வானியலாளர் கெப்ளர்தான்.

செவ்வாய்க் கிரகத்தின் பாதையைக் கண்டுபிடிக்க அவர் வருஷக்கணக்கில் உட்கார்ந்தார். கையால் போட்ட கணக்கு. ஒரே கணக்கை எழுபது தடவையாவது போட்டேன், படிக்கச் சலிப்பாக இருந்தால் என்மேல் இரக்கப்படுங்கள் என்று வாசகரிடமே எழுதினார். கடைசியில் வட்டப்பாதையை வைத்து ஒரு கணித மாதிரி கிடைத்தது. ஏறக்குறையப் பொருந்தியது. அவருக்கு முந்திய வானியலாளர் டைக்கோ பிராகே அளந்து வைத்திருந்த சில இடங்களில் மட்டும் 8 கலை இடித்தது. ஒரு பாகையில் (டிகிரி) அறுபதில் ஒரு பங்குதான் ஒரு கலை. முழு நிலாவின் அகலம் சுமார் 30 கலை. அதில் ஏறக்குறையக் கால் பங்குத் தூரம்தான் பார்த்துக்கொள். பழைய கிரேக்க வானியலாளர் டாலமி காலத்து ஆளாக இருந்திருந்தால் அளவிலே பிழை என்று தள்ளியிருப்பார். கெப்ளருக்கு டைக்கோவின் அளவுமேல் அவ்வளவு நம்பிக்கை. தான் கட்டியதைத் தானே இடித்தார். வட்டத்தையே கைவிட்டு, இன்னும் பல தப்பான வழிகளில் போய்த் திரும்பி, நீள்வட்டத்துக்கு வந்து சேர்ந்தார். புத்தகம் 1609இல் வந்தது. அந்த 8 கலைதான் வானியல் முழுவதையும் மாற்றி எழுத வழிகாட்டியது என்று அதிலேயே சொல்கிறார்.

நீ உருவாக்கிய கணித மாதிரியும் ஏறக்குறையப் பொருந்தியது, அந்த மூன்று அளவுகள் மட்டும் ஒட்டவே இல்லை என்று சொன்னாயே, அதை அன்றைக்கு நான் காதில் வாங்கவே இல்லை. "நாலு வருஷம்" என்பதிலேயே நின்றுவிட்டேன்.

அந்த மூன்று அளவுகள் என்ன, எவ்வளவு இடிக்கிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுதி அனுப்பு. கணக்கு மறந்துபோச்சு, மெதுவாக எழுது. சனிக்கிழமை நீயே கூப்பிடு, இந்தத் தடவை நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா