மூன்று கோப்புகளும் ஒரு காரணமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் ஆட்டிசம் குறித்து வெளியான கட்டுரையைப் படித்தேன். பேச்சு தாமதமாவதையும் கண் பார்த்துப் பேசாததையும் தெளிவாக விளக்கிய அக்கட்டுரை, சில குழந்தைகளிடம் அவற்றுக்குக் காரணமாக இருக்கும் ஃப்ரஜைல் எக்ஸ் என்ற மரபணுக் குறைபாட்டைக் குறிப்பிடவில்லை. குறை சொல்வதற்காக எழுதவில்லை. அந்தப் பெயர் எங்கள் காதில் விழவே ஒன்பது ஆண்டுகள் ஆயின என்பதால் எழுதுகிறேன்.

என் மூத்த மகளின் பையனுக்கு இப்போது பதினோரு வயது. வீட்டுக்கு யார் வந்தாலும் ஓடிவந்து கைகொடுப்பான். ஆனால் கை நீளும்போதே முகம் வேறு பக்கம் திரும்பிவிடும். வந்தவர்கள் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். பழகும் ஆசையும் பார்வையைச் சந்திக்கும் பயமும் ஒருசேர இருப்பதால் வரும் இந்தக் கைகுலுக்கல், இக்குறைபாடு உள்ள பிள்ளைகளிடம் மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்று. குக்கர் விசிலடித்தால் கட்டைவிரலின் அடிச்சதையைக் கடிப்பான். அந்த இடம் காய்த்துப்போயிருக்கிறது. அதே பையன் கும்பகோணம் - தஞ்சாவூர் பேருந்து நடத்துநரின் குரலிலேயே நிறுத்தங்களை ஒன்றுவிடாமல் ஒப்பிப்பான். பாபநாசத்துக்கு மட்டும் குரல் சற்று உயரும். ஏனென்று அவனுக்குத்தான் தெரியும்.

இளைய மகளுக்கு முப்பத்துநான்கு வயதிலேயே மாதவிடாய் நின்றுவிட்டது. எனக்கு அறுபத்திரண்டில் கை நடுங்கத் தொடங்கி, பிறகு நடையும் தள்ளாடியது. வயதாகிவிட்டது என்றார்கள், பின்பு பார்க்கின்சன் என்று மாத்திரை கொடுத்தார்கள். (இக்கடிதத்தை நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள், என் கையெழுத்து இப்போது எனக்கே புரிவதில்லை.) மூன்று பேருக்கு மூன்று மருத்துவர்கள், மூன்று கோப்புகள். குடும்பத்தில் வேறு யாருக்கு என்ன தொந்தரவு என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. பேரனின் பேச்சுப் பயிற்சிக்குப் போன இடத்தில் சித்தியின் மாதவிடாயைப் பற்றி யார் பேசுவார்கள்?

எக்ஸ் குரோமோசோமில் எஃப்எம்ஆர்1 என்றொரு மரபணு இருக்கிறது. 1991-இல் கண்டறியப்பட்ட அதன் தொடக்கத்தில் 'சிஜிஜி' என்ற மூன்றெழுத்துக் கோவை திரும்பத் திரும்ப வரும். அது 44 முறை வரை வந்தால் இயல்பு. 200-ஐத் தாண்டினால் மரபணு முடங்கிப்போய், மூளையின் நரம்பிணைப்புகள் ஒழுங்காக அமையத் தேவைப்படும் ஒரு புரதம் உருவாகாமல் போகிறது. என் பேரனுக்கு நேர்ந்தது இதுவே. பெண் குழந்தைகளுக்கு இன்னொரு எக்ஸ் துணைக்கு இருப்பதால் பாதிப்பு பெரும்பாலும் குறைவு. 55 முதல் 200 வரை உள்ளவர்கள், வெளிப்பார்வைக்கு நலமாகவே இருந்து, இதைப் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடிய 'கடத்துநர்கள்'. எனினும் அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பெண்ணுக்கு நாற்பது வயதுக்குள் சினைப்பை செயலிழக்கிறது, ஐம்பதைக் கடந்த ஆண்கள் பலருக்கு நடுக்கமும் தள்ளாட்டமும் வருகின்றன. இந்த நடுக்கத்துக்கும் அந்த மரபணுவுக்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகம் அறிந்ததே 2001-இல்தான். கடத்துநரான தந்தை இதைத் தன் மகள்கள் அனைவருக்கும் கொடுக்கிறார், மகன்களில் ஒருவருக்கும் கொடுப்பதில்லை. தாய்வழியாகப் பிள்ளைக்குப் போகும்போதுதான் எண்ணிக்கை 200-ஐத் தாண்டிப் பெருகுகிறது. அதாவது, நான் என் பெண்களுக்குக் கொடுத்தது என் பேரனிடம் பெருகிவிட்டது.

இத்தனை ஆண்டுகளும் ஏச்சு வாங்கியவள் என் மகள். கர்ப்பத்தில் பப்பாளி தின்றாள், பிள்ளை கையில் செல்போனைக் கொடுத்தாள், சொந்தத்தில் கட்டிக்கொண்டாள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவள் சொந்தத்தில் கட்டவே இல்லை. இக்குறைபாடு வர அது தேவையுமில்லை.

பரிசோதனையிலும் ஒரு குழி இருக்கிறது, நாங்கள் அதில் விழுந்தோம். பேரனுக்கு நான்கு வயதில் குரோமோசோம் பரிசோதனை செய்து, எல்லாம் நார்மல், மரபணுக் கோளாறு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வழக்கமான குரோமோசோம் பரிசோதனையில் ஃப்ரஜைல் எக்ஸ் தப்பிவிடும். பல மரபணுக்களை ஒரேயடியாகப் படித்துப் பார்க்கும், பெருந்தொகை செலவாகும் எக்ஸோம் பரிசோதனையிலும் இந்தக் கோவைப் பெருக்கம் பொதுவாகத் தெரியாது. எஃப்எம்ஆர்1 சிஜிஜி எண்ணிக்கை என்று பெயர் சொல்லிக் கேட்டுச் செய்ய வேண்டிய தனி ரத்தப் பரிசோதனை இது. முடிவைக் கையில் வாங்கிய பிறகு, வேலூர் சிஎம்சியின் மருத்துவ மரபியல் துறை போன்ற இடத்தில் குடும்பமாக உட்கார்ந்து பேசுவது நல்லது. எங்களுக்கு ஒரு மணி நேரப் பேச்சு ஒன்பது ஆண்டுச் சண்டையை முடித்துவைத்தது.

குணப்படுத்தும் மருந்து கிடையாது. பேச்சுப் பயிற்சியும், அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகின்றனவோ அவ்வளவுக்குப் பலன்; பதற்றத்துக்கும் வலிப்புக்கும் மருந்து உண்டு. அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களிலும், முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்திலும் பயிற்சி கிடைக்கிறது. மும்பையில் ஃப்ரஜைல் எக்ஸ் சொசைட்டி - இந்தியா என்ற பெற்றோர் அமைப்பு இருக்கிறது. சான்றிதழுக்குப் போனபோது ஓர் அலுவலகத்தில், இந்தப் பெயர் பட்டியலிலேயே இல்லை என்று மகளைத் திருப்பி அனுப்பினார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் இப்பெயர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் இருக்கின்றன, அவற்றின்கீழ்ச் சான்றிதழ் பெறலாம். அது கையில் இருந்தால் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கவும் அந்த அறக்கட்டளைக்கான சட்டத்தில் வழியுண்டு.

அரசிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வளர்ச்சி தாமதமாகும் குழந்தை மையத்துக்கு வரும்போது, தாய்வழித் தாத்தாவுக்கு நடுக்கம் உண்டா, அம்மாவுக்கோ சித்தி, பெரியம்மாவுக்கோ மாதவிடாய் சீக்கிரம் நின்றதா என்ற இரு கேள்விகளைப் பதிவுப் படிவத்தில் சேர்த்தால் போதும். சந்தேகம் எழுந்தால் ரத்த மாதிரியை அரசு மருத்துவக் கல்லூரி வழியாகவே கட்டணமின்றி அனுப்ப ஏற்பாடு வேண்டும். எங்கள் ரத்தத்தை நாங்களே ஊர் ஊராகச் சுமந்தோம்.

எனக்கு இது என் தாயிடமிருந்து வந்தது. ஆகவே என் தங்கைக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவள் பரிசோதனைக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. தை மாதத்தில் அவள் மகளுக்குத் திருமணம். என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதும் அவளுக்காகத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர்,
கும்பகோணம்.