‘இல்லை’ என்று சொன்னவர்களுக்கும் சேர்த்து நன்றி

இந்த மடலை யாருக்கு என்று பெயர் போட்டு எழுத வழியில்லை. உங்களில் பாதிப் பேரின் முகம் எங்களுக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் அப்போது முகக்கவசத்தோடுதான் வந்தீர்கள். 2021-இல் கொரோனா எங்கள் வீட்டுக்குள் நுழைந்து முதலில் அம்மாவையும் அடுத்து என்னையும் படுக்க வைத்தபோது, வாசல் வரைக்கும், போன் வரைக்கும், சிலர் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து எங்களைத் தூக்கி நிறுத்தினீர்களே, உங்கள் எல்லாருக்கும்தான் இது. அப்போதே எழுதியிருக்க முடியாது. யார் யார் என்ன செய்தீர்கள் என்பதே எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால்தான் தெரிய வந்தது, இன்னும்கூட முழுசாகத் தெரியாது.

முதலில் எதிர்வீட்டு அக்கா. “என்ன வேணும்னாலும் கேளுங்க” என்று நிறைய பேர் சொன்னார்கள், நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் காய்ச்சலில் கிடக்கிறவளுக்கு என்ன வேண்டும் என்று யோசிப்பதே ஒரு பெரிய வேலை. அக்கா அப்படிக் கேட்கவில்லை. “அம்மாவோட பிரஷர் மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு, அட்டையை போட்டோ எடுத்து அனுப்பு” என்றார். “தெர்மாமீட்டர்ல பேட்டரி இருக்கா?” என்றார். ஆமாம், இல்லை என்று சொன்னால் போதும், மீதியை அவரே பார்த்துக்கொண்டார். தினமும் சாப்பாட்டுப் பையைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு, மணியை ஒரு தடவை அடித்துவிட்டு, படியிறங்கிப் போய் நின்று நான் கதவைத் திறக்கிறேனா என்று பார்ப்பார். பை உள்ளே போனதா என்பதைவிட நான் எழுந்து நிற்கிறேனா என்று பார்க்கத்தான் நின்றிருக்கிறார், அதையும் ரொம்ப நாள் கழித்து அவர் மகள்தான் சொன்னாள்.

அப்புறம் அந்த நர்ஸ். எங்களுக்குச் சொந்தமில்லை, சித்தி மகளுடைய தோழியின் தோழி, நேரில் இன்றுவரை பார்த்ததில்லை. இரவு டியூட்டி முடித்து, பாதுகாப்பு உடையைக் கழற்றி, குளித்து, தூங்கப் போவதற்கு முன்னால் எங்களுக்கு வீடியோ கால் போடுவார். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கை சில்லென்று இருக்கக் கூடாது, நகப்பூச்சு இருந்தால் அழிக்க வேண்டும், கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்த பிறகு மாட்ட வேண்டும், முதலில் வருகிற எண்ணை நம்பாமல் அது ஓரிடத்தில் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். 94-க்குக் கீழே போனால் எந்த நேரமானாலும் கூப்பிடச் சொன்னார். அம்மா நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார், மூச்சுவாங்கல் எதுவும் இல்லை, “எனக்கு ஒண்ணும் இல்ல, நீ தூங்கு” என்று என்னைத்தான் அதட்டினார். எண் 91 காட்டியது. மூச்சுத்திணறல் தெரியாமலே ஆக்சிஜன் இறங்கிப்போவது இந்த நோயின் ஒரு வஞ்சகம், பேச்சை நம்பாதே எண்ணை நம்பு என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்காவிட்டால் நானும் தூங்கப் போயிருப்பேன்.

அந்த ராத்திரி அம்மாவைக் குப்புறப் படுக்க வைத்தது அவர் குரல்தான். கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை, மார்பிலிருந்து தொடை வரைக்கும் ஒன்றிரண்டு, கணைக்காலுக்குக் கீழே இரண்டு. வீட்டில் அத்தனை தலையணை ஏது, போர்வைகளைச் சுருட்டி வைத்தோம். அரைமணி நேரத்துக்குப் பிறகு எண் கொஞ்சம் ஏறியது. குப்புறப் படுத்தால் முதுகுப் பக்கத்து நுரையீரலுக்குக் காற்று நன்றாகப் போகும் என்று அவர் காரணத்தையும் சொன்னார், இது தெரிந்த பிறகு அம்மாவும் முரண்டு பிடிக்கவில்லை. போனை வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் “காலையில 7 மணிக்குக் கூப்பிடுறேன், எண்ணைக் குறிச்சு வைங்க” என்பார். நாளைக்குக் காலை 7 மணி என்று ஒன்று எங்களுக்கு இருக்கப்போகிறது என்பதை அவ்வளவு சாதாரணமாகச் சொல்ல அந்த நாட்களில் வேறு யாருக்கும் வாய் வரவில்லை.

ஒரு டாக்டருக்கும் நன்றி சொல்ல வேண்டும், மருந்து கொடுக்காமல் இருந்ததற்காக. நோய் வந்த ஆரம்பத்திலேயே நான் அம்மாவுக்கு ஸ்டீராய்டு எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சினேன், ஊரெல்லாம் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. “ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்கு அது உதவாது, கெடுதல்கூட பண்ணலாம், இப்போ வேண்டாம்” என்று ஒரே பேச்சாக மறுத்துவிட்டார். எனக்கு அப்போது கோபம். பிறகு விவரம் படித்தேன். பிரிட்டனில் நடந்த ரெகவரி என்ற ஆய்வு 2020 ஜூன் 16 அன்று முடிவை அறிவித்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு மருந்து, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் எதுவும் இல்லை. அந்த ஆய்வில் 2,104 பேருக்கு அந்த மருந்து கிடைத்தது, 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். எல்லாரும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த நோயாளிகள், பலர் பிழைக்கவில்லை. அம்மாவுக்கு எப்போது கொடுக்க வேண்டும், எப்போது கொடுக்கக் கூடாது என்று எங்கள் டாக்டருக்குத் தெரிந்திருந்ததற்கு அவர்கள்தான் காரணம். அந்த 6,425 பேருக்கும் இந்த மடலைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். ஆக்சிஜன் தேடிய அந்த ராத்திரியில் நான் எத்தனையோ எண்களுக்குக் கூப்பிட்டேன். பல எண்கள் எடுக்கவே இல்லை. ஒருவர் முன்பணம் அனுப்பச் சொன்னார், அனுப்பியதும் காணாமல் போனார், அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத இந்த மடலில் இடமில்லை. ஆனால் சிலர் நடுராத்திரியில் முதல் மணியிலேயே போனை எடுத்து, “இல்லம்மா, தீர்ந்துடுச்சு, காலையிலதான் வரும், இங்கே காத்திருக்காதீங்க, உடனே வேற பாருங்க” என்றீர்கள். தூக்கக் கலக்கத்தில், அன்றைக்கு நூறாவது ஆளுக்கு அதே பதிலைச் சொல்லும் குரலில், ஆனால் எரிந்து விழாமல். “பார்க்கலாம்”, “ட்ரை பண்றேன்” என்று இழுத்திருந்தால் நான் அங்கேயே நம்பிக் காத்திருப்பேன். ஒளிவுமறைவு இல்லாமல் ‘இல்லை’ என்று சொல்லி எங்களுக்கு நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தீர்கள், அன்றைக்கு வேறு எதுவும் அவ்வளவு விலை பெறாது.

அதே வேலையைத்தான் அந்த வாட்ஸ்அப் குழுவில் இருந்த பிள்ளைகளும் செய்தீர்கள். கல்லூரியில் படிக்கிறவர்கள் என்று பின்னால் தெரிந்தது. உதவி எண்கள் என்று ஆயிரம் பட்டியல் சுற்றிக்கொண்டிருந்த காலம், முக்கால்வாசி செத்த எண்கள், நல்லெண்ணத்தோடு ஃபார்வர்டு செய்தவர்களால்தான் அவை சாகாமல் சுற்றின. நீங்கள் ஒவ்வொன்றுக்கும் கூப்பிட்டு, “மாலை 4.10-க்குப் பேசினேன், இரண்டு இருக்கு” என்று நேரத்தோடு எழுதினீர்கள், தீர்ந்ததும் அழித்தீர்கள். அழித்ததுதான் பெரிய விஷயம். சேர்க்கிற ஆள் எங்கேயும் உண்டு, உட்கார்ந்து அழிக்கிற ஆள்தான் இல்லை. அதில் ஒரு தம்பி, “அம்மாவுக்கு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்னு டாக்டர் சொன்னார்?” என்று முதலில் கேட்டார். 5 லிட்டர் என்றேன். அப்படியானால் மணிக்கு 300, 7,000 லிட்டர் பெரிய சிலிண்டர் 23 மணி நேரம் வரும், சின்ன சிலிண்டர் கிடைத்தால் 5 மணி நேரம்தான், அதற்குள் அடுத்தது வேண்டும், அதனால் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் தேடுவோம் என்று எனக்காகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த நிலைமையில் என்னால் ஏழையும் எட்டையும் கூட்ட முடிந்திருக்காது.

கான்சென்ட்ரேட்டர் வந்தது. யாருடையது என்று தெரியாது, எங்களுக்கு முன்னால் எத்தனை வீடு பார்த்திருந்ததோ. கொண்டுவந்த அண்ணன் படியேறி வைத்துவிட்டு, தூர நின்றபடியே சொல்லிக்கொடுத்தார்: சுவரிலிருந்து தள்ளி வை, பக்கத்தில் அடுப்பு விளக்கு எதுவும் கூடாது, ஈரப்பத பாட்டிலில் குழாய்த் தண்ணீர் ஊற்றாதே. காற்றில் 21 சதவீதம்தான் ஆக்சிஜன், இந்தப் பெட்டி நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனாகக் கொடுக்கும், கரண்ட் போனால் நின்றுவிடும் என்றார். கரண்ட் போகாமல் இருந்ததற்கு யாரோ ஒரு லைன்மேனும் காரணமாக இருந்திருப்பார், அவருக்கும் நன்றி. மறுநாள் படுக்கை கிடைக்கும் வரைக்கும் அந்தப் பெட்டியின் இரைச்சலில்தான் எங்கள் வீடு மூச்சு விட்டது.

ஆஸ்பத்திரியில் நாங்கள் உள்ளே போக முடியாது. வார்டு கூட்டித் துடைக்கிற அம்மா ஒருவர், வேலைக்கு நடுவே எங்கள் அம்மாவின் காதில் போனை வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் பெயரை அம்மா கேட்டு வைத்திருக்கிறார், என்னிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறார், நேரில் பார்த்து அவரிடமே பேசிக்கொள்கிறாராம். சரி.

எல்லாரையும் மீட்டுவிடவில்லை. பெரியப்பா போய்விட்டார். நாங்கள் ஒருவரும் போக முடியாத அந்த நாளில், பாதுகாப்பு உடை அணிந்த தன்னார்வலர்கள் அவரைத் தூக்கினீர்கள். எங்கள் வீட்டுப் பழக்கம் என்ன என்று போனில் கேட்டுக் கேட்டுச் செய்தீர்கள். வீடியோவில் முகத்தைக் காட்டும்போது, உங்களுக்கு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தும், “அவசரமில்ல, பெரியம்மா பார்க்கட்டும்” என்று போனை அசைக்காமல் பிடித்திருந்தீர்கள். பெரியம்மா அதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதற்கு நன்றி என்பது சின்ன வார்த்தை என்று தெரியும், என்னிடம் இருப்பது அதுதான்.

தூரத்தில் இருந்தவர்களில் இன்னும் இரண்டு கூட்டத்தாரைச் சொல்லிவிடுகிறேன். 2020 ஜனவரி 11 அன்று, ஜாங் யோங்ஜென் என்ற சீன விஞ்ஞானியின் குழு இந்த வைரஸின் மரபணு வரிசையைப் பொதுவில் வைத்தது, தடுப்பூசி வேலை அதை வைத்துத்தான் அவ்வளவு வேகமாகத் தொடங்கியது. அப்புறம் தடுப்பூசிச் சோதனைக்குக் கை நீட்டியவர்கள். ஃபைசர் சோதனையில் மட்டும் 43,000 பேருக்கு மேல். அதில் பாதிப் பேருக்குப் போட்டது வெறும் உப்புநீர், தனக்குப் போட்டது எது என்று தெரியாமலே மாதக்கணக்கில் நடமாடியவர்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் ஊசி போட்டுக்கொண்டு கையைத் தேய்த்தபடி வெளியே வந்த அன்று நான் உங்களைத்தான் நினைத்தேன், குறிப்பாக உப்புநீர் போடப்பட்டவர்களை.

கடைசியாக நடைமுறை விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று சர்வதேச நெருக்கடிநிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டது, ஆனால் உங்கள் டப்பாக்கள் இன்னும் எங்கள் அலமாரியில்தான் இருக்கின்றன. மூடியில் பூப்போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்று, கைப்பிடி ஒட்டவைத்த நீல டிபன் கேரியர் ஒன்று, பெயர் எழுதியிருந்து அழிந்துபோன பிளாஸ்க் ஒன்று. கூடவே பேட்டரி மூடிக்கு டேப் ஒட்டிய ஆக்ஸிமீட்டர் ஒன்று, அது எங்களுடையது இல்லை. கான்சென்ட்ரேட்டரை வடிகட்டி மாற்றி, துடைத்து, குழுப் பிள்ளைகள் சொன்ன அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டோம், அதற்குப் பிறகு எங்கே போனது என்று உரிமையாளர் கேட்டால் அங்கிருந்து விசாரித்துச் சொல்கிறேன். மற்றவை யாருடையவை என்று தயவுசெய்து சொல்லுங்கள். டப்பாவை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டேன் என்று அம்மா இப்போதே அடுப்படியில் என்னவோ திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார், அதனால் வருவதற்கு ஒரு நாள் முன்னால் சொல்லிவிட்டு வாருங்கள்.