ராஜன் உடல் எங்கே?

ஆசிரியருக்கு,

சமீபத்தில் கேரளத்தின் கக்கயம் அணைக்குச் சுற்றுலா போயிருந்தேன். படகுக்குக் காத்திருந்த கல்லூரிப் பையன்களிடம் ராஜனைத் தெரியுமா என்று கேட்டேன். "எந்த ராஜன், அங்கிள்?" என்றான் ஒருவன். அதனால்தான் இந்தக் கடிதம்.

கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் அவர். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மார்ச் 1 விடியற்காலையில் போலீசார் பிடித்துப்போனார்கள். காயண்ணா காவல் நிலையத் தாக்குதலில் தொடர்பு என்று சந்தேகமாம். கக்கயம் போலீஸ் முகாமில் நடந்தது 'உருட்டல்' சித்திரவதை. அதில்தான் அவர் உயிர் போனது. பெஞ்சில் படுக்கவைத்து, தொடைமேல் உலக்கையை அழுத்தி உருட்டுவார்கள். நெல் குத்துகிற பொருளுக்கு இப்படியொரு வேலை!

தந்தை ஈச்சரவாரியர் இந்திப் பேராசிரியர். அவர் ஏறி இறங்காத படிகள் இல்லை. 1977இல் அவர் தொடுத்த ஆட்கொணர்வு மனுவால் முதல்வர் கருணாகரன் பதவியேற்ற ஒரு மாதத்திலேயே விலக நேர்ந்தது. மகன் மட்டும் கிடைக்கவில்லை, எலும்பாகக்கூட. 2006இல் தந்தையும் போய்ச் சேர்ந்தார். அவருடைய கல்லூரி மாணவர்கள் ராஜன் நினைவாக 'ராகம்' கலைவிழா நடத்துகிறார்கள். அரசு என்ன செய்தது?

அந்த உடலை எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரிந்த யாராவது இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். எழுபது, எண்பது வயதில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பார். தண்டிக்கக்கூட வேண்டாம். கேரள அரசு அவரைத் தேடிப்பிடித்து, இடத்தையாவது காட்டச் சொல்லட்டும்.

– ஒரு வாசகர், பொள்ளாச்சி